மரைக்காயரின் உள்ளங்கை

“பெயர் இருந்தால் பெயருக்குரியவருக்கு. இல்லையென்றால் வலைக்காரனுக்கு.” ஒல்லாந்துத் துரையின் பேச்சைத் துபாசி தமிழில் சொன்னதும் பொன்னியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

கோட்டை வாசலில் பசியாவரம் ஊரே திரண்டு நின்றது. நடுவே அந்தப் பித்தளை ஏனம், வாயகன்ற பாத்திரம். அதன் பக்கங்களில் வெள்ளியால் இழைத்த குதிரைக்காரர்கள் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விளிம்பெங்கும் அரபு எழுத்து.

முந்தின நாள் ஏரியில் அவள் புருஷன் சுப்பனின் வலையில் இறாலோடு ஏறி வந்தது அது. அன்றைய பாடு, வலை போடும் முறை, அவனுடையது. பாடு யாருடையதோ, வலையில் ஏறுவதும் அவருடையது. ஊர்ச் சட்டம் அப்படி.

துரை ஒப்பவில்லை. தன் கப்பலிலிருந்து விழுந்ததாம். சரக்கு அனுப்பிய பாரசீகர் பெயர் அதில் இருக்கிறதாம்.

ஏனம் போனால் மயிராச்சு. இன்றைக்கு ஏனத்தைக் கேட்பவன் நாளைக்கு ஏரியையே கேட்பான். அதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல்.

அரபு தெரிந்த உதுமான் மரைக்காயரை அழைத்து வந்தார்கள். தினமும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பவள் பொன்னியம்மாள்தான். ஆனால் அவள் மீனைத் தின்ற வாய் துரைக்கு எதிராகத் திறக்குமா?

மரைக்காயர் ஏனத்தைக் கவிழ்த்து, அடியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். சுரண்டிய இடத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அதை நிமிர்த்தி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு விளிம்பைப் படித்தார்.

“இதை உடையவருக்கு வெற்றி, நீண்ட ஆயுசு, குறையாத பாக்கியம். அவ்ளோதான். பேரு ஒண்ணும் இல்ல.”

“நேத்து யாரு பாடுடா?” என்றார் ஊர்ப் பெரியவர்.

“சுப்பன் பாடு!”

கோட்டைச் சுவர் அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். துரை கோட்டைக்குள் திரும்பினார். மரைக்காயர் ஏனத்தைக் கீழே வைக்காமல் பொன்னியம்மாள் கையிலேயே கொடுத்தார். அவள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அரசி மாதிரி படகுக்கு நடந்தாள்.

கரையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தபோது அடிச் சேறு விட்டது. அங்கே சின்னதாக ஒரு வரி எழுத்து.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இந்த வரியைத் தெரியும். மீன் ஆயும்போது தினமும் நிமிர்ந்து பார்ப்பதுதான். மரைக்காயர் வீட்டு நிலைவாசலில் செதுக்கிய, அவர் பாட்டனார் பெயர்.

மறுநாள் அந்த வீட்டுக்கு மடவை மீன் ஏனம் நிறையப் போனது. திரும்பி வந்தபோது அவள் தலையில் சும்மாடு மட்டும் இருந்தது.

“ஏனம் இன்னா ஆச்சு?” என்றான் சுப்பன்.

“ஏரி நம்மளுதாச்சுல்ல, வலையை எடு” என்றாள்.