வலது பக்கம்

"இன்னுமா தேய்ச்சுக்கிட்டிருக்கீங்க, அத்தான்?"

தம்பிக்குக் கடுப்பாக இருந்தது. உதவிக்கு வா என்றாரே என்று லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். அத்தான் சொந்தமாகக் கட்டும், ஆள் ஏறிப் பறக்கும் குட்டி விமானத்தின் உடல், கார் ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நுரைப் பலகையில் செய்த அந்த உடலைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், மேலே ஃபைபர் கிளாஸ் துணியை ஒட்டிவிடலாம். துணி வெட்டித் தயார். அத்தான்தான் தயாராகவில்லை. உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்படிக் கேளுடா!" என்றாள் அக்கா. தலையெல்லாம் நுரைத்தூள், முகமெல்லாம் பெருமை. "இடது பக்கம் என்னோடது. நேத்தே முடிச்சுட்டேன். உங்க அத்தான் வலது பக்கத்தை இன்னும் உருட்டிக்கிட்டிருக்கார்."

தம்பியால் நம்பவே முடியவில்லை. 'வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்த விமானம் இருக்கணும்' என்று போனில் அழுத அதே அக்கா! ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், போன வாரம் என்ன தோன்றியதோ, தானாக வந்து உப்புத்தாளைக் கையில் எடுத்தாளாம்.

"வருஷக்கணக்கா கட்டுறீங்க. ஒரு வாரம் பழகினவகிட்ட தோத்துட்டீங்களே!"

"தோத்துட்டேன் மச்சான்," என்று அசடு வழிந்தார் அத்தான்.

அக்கா சிரித்துக்கொண்டே காபி போட உள்ளே போனாள்.

இந்த மனுஷனை நம்பி யார் இதில் ஏறுவது? தம்பிக்குப் பயமே வந்துவிட்டது.

"அக்கா வேலையைப் பார்த்தாவது கத்துக்கோங்க," என்றபடி, வளைவை அளக்கும் அட்டையை எடுத்து இடது பக்கத்தில் வைத்தான்.

அட்டைக்கும் நுரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஆசை ஆசையாக அளவுக்கு மேல் தேய்த்துவிட்டாள் அக்கா.

திடுக்கிட்டு, வலது பக்கம் வைத்துப் பார்த்தான். அதே இடத்தில் அதே இடைவெளி.

"அத்தான்! போன மாசம் நான் பார்த்தப்போ இந்தப் பக்கம் கச்சிதமா இருந்துச்சே!"

"கத்தாதேடா." அத்தான் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நூல் அளவு குறைஞ்சா ஒண்ணும் ஆகாது, பலமெல்லாம் துணியிலதான். ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்."

"அதுக்கு அக்கா பக்கத்துல பட்டி பூசி ஏத்தியிருக்கலாமே?"

"ஏத்தினா அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் ஷெட்டுக்கே வரமாட்டா. அதான் என் பக்கத்தை இறக்கிட்டேன்."