முதலில் ஏறியவள்

"யாரக் கேட்டு இங்க வண்டிய நிறுத்துனீங்க?"

சிவப்புக் குடையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள் ஒருத்தி. எதிரே கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி. அதன் படியில் கையைப் பிசைந்தபடி நர்ஸ். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தியும் ஏறுவதாக இல்லை.

தையல்காரி கடை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தப் பரிசோதனை என்றாலே அவளுக்குப் பயம். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறாள்.

"சும்மா இருக்கிறவளுக்கு வியாதின்னு சொல்லிக் காசு புடுங்கத்தானே வந்தீங்க?"

"காசே வேணாங்கக்கா. ஏறிப் பாருங்க. வலிச்சா என்னை என்ன வேணா கேளுங்க."

"கேக்காம விடுவேனா? இதோ ஏறுறேன். எனக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் குடைக்காரி சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"அட, சின்ன பிரஷ்ஷால ஒரு தடவு, அவ்ளோதான்! இதுக்கா இந்தக் கத்து கத்துனேன்?"

பிறகென்ன, வரிசை தெருக்கோடி வரை நீண்டது. தையல்காரியும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று அவளுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை. சின்ன சிகிச்சையோடு தீர்ந்தது. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

"அந்தக் குடைக்கார அக்கா மொதல்ல ஏறலன்னா நான் செத்தாலும் ஏறியிருக்க மாட்டேங்க. என்ன தைரியம்!" என்று கணவனிடம் மாய்ந்து மாய்ந்து சொன்னாள். நன்றி சொல்லலாம் என்று தேடினால் ஆளைக் காணோம். "அடுத்த தெருவா இருக்கும்" என்றார்கள் இந்தத் தெருவில். "உங்க தெருன்னுல்ல நெனச்சோம்" என்றார்கள் அடுத்த தெருவில்.

சில மாதம் கழித்து, நூல் வாங்க ஊரின் மறுகோடிக்குப் போனாள். ஒரு முனையில் பெண்கள் கூட்டம். நடுவில் அதே வண்டி.

"யாரக் கேட்டு இங்க வண்டிய நிறுத்துனீங்க?"

அதே குரல், அதே சிவப்புக் குடை. தையல்காரி எக்கிப் பார்த்தாள். அடிப்பாவி என்று சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இந்த ஊரில்தான் எத்தனை தெரு! எத்தனை தெருவில் இவள் இப்படி முதன்முதலாகச் சண்டை போட்டு ஏறியிருக்கிறாளோ!

குடைக்காரி அவளைப் பார்த்துவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த குடை பாதியில் நின்றது.

தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"நீங்க யாரோ எவரோ, நல்லாக் கேட்டீங்கக்கா! எனக்கும் இதெல்லாம் புதுசு, ஒரே பயமா இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் ஏறித்தான் பாத்துருவோம்!"