இரண்டு பக்க ஆறுதல்

"நம்ம அக்கவுண்டன்ட்டோட பையன் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டானாம். சாயங்காலம் போய் ஆறுதல் சொல்லணும். உரையைக் கொஞ்சம் பாருங்கம்மா," என்று இரண்டு பக்கங்களை நீட்டினார் மேலாளர்.

காரியதரிசி சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"'முன்னாடியே எதுவும் தெரியலையா?' இது வேண்டாம் சார்."

"அக்கறையா கேக்கறேன்மா!"

"அதைத்தான் அவர் தன்னையே நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டிருப்பார். நீங்க வேறயா?"

"சரி. 'மனசைத் தேத்திக்கிட்டு சீக்கிரம் வேலைக்கு வாங்க', அதாவது இருக்கட்டும்."

"அதுதான் முதல்ல போகணும்."

இரண்டு பக்கமும் சிவந்துபோயின. மேலாளருக்குச் சுருக்கென்றது.

"இருபது வருஷமா துக்க வீடுகள்ல பேசறவன்மா நான். நீங்க எந்தப் புத்தகத்துல படிச்சீங்க இதெல்லாம்?"

"புத்தகமில்ல சார். போன வருஷம் என் வீட்டுக்காரரும் இப்படித்தான் போனார். அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்து நீங்க இதையேதான் பேசினீங்க. முக்கால் மணி நேரம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

"அந்தப் பையன் பேரு தெரியுமா சார்?"

"தெரியாதே."

"அதைக் கேளுங்க. அப்புறம் அவர் பேசுவார். நீங்க வாயைத் திறக்காம உட்கார்ந்திருங்க, போதும்."

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் காரியதரிசியின் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"