விளக்கெண்ணெய்ப் பின்னல்

அந்தப் பின்னல் நிஜமாக இருக்க வாய்ப்பே இல்லை. காபியைக் கொடுத்துவிட்டு இந்துமதி திரும்பி நடந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா சாரதாமணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கட்டைவிரல் மாதிரியா இருக்கிறது? மணிக்கட்டுத் தடிமனில், இடுப்பையும் தாண்டியல்லவா தொங்குகிறது!

மண்ணரையில் சாரதாமணியின் பனியன் யூனிட்டிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். பஞ்சுத் தூசியிலும் உப்புத் தண்ணீரிலும் அவர்களுக்கெல்லாம் பாதி முடி கொட்டிவிட்டது. இங்கே நல்லூரில் இந்த மகராசிக்கு மட்டும் தனித் தண்ணீர் வருகிறதாக்கும்.

"தலைக்கு என்ன கண்ணு தேய்க்கறே?" குரலில் தேன் ஒழுகக் கேட்டாள்.

பதில் பெண்ணின் அம்மா ராக்கம்மாளிடமிருந்து வந்தது. "வெறும் விளக்கெண்ணெய்தானுங்க. பொங்கலூர்ல நம்ம தோட்டத்து ஆமணக்கு. முத்தை வறுத்து இடிச்சு, தண்ணியில கொதிக்கவெச்சு, மேல மெதக்கற எண்ணெயை நானே வழிச்செடுப்பனுங்க. தலைக்கும் அதுதான், பாத வெடிப்புக்கும் அதுதான். புருவத்துல தொட்டு வெச்சாக்கூட நல்லா அடர்த்தியா வருமுங்க."

'அவ்வளவு சக்தி இருந்தால் ஊரில் வழுக்கையே இருக்காதே!' என்று சாரதாமணி மனதுக்குள் பொருமினாள். இந்த மாதிரி முடி கோயமுத்தூரில் எந்தக் கடையில் கிடைக்கும், எப்படிப் பொருத்துவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடமா இந்தக் கதை?

பெண்ணின் அப்பா நாச்சிமுத்து எழுந்தார். "என்ன வெயில் பாருங்க! ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெக்கறனுங்க."

"ஐயோ, வேண்டாமுங்க! தம்பிக்குச் சளி." சாரதாமணி பதறித் தடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகன் சதீஷ்குமார் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, ஆமாம் என்று மெதுவாகத் தலையசைத்தான்.

அவனுக்கு வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. யூனிட், வீடு, காடு கழனி எல்லாம் இருந்தும் பெண் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருக்கிறது. போன இடமெல்லாம் தட்டிப்போய், இந்த இடமாவது கைகூடாதா என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அதற்காகச் சவுரி வைத்து ஏமாற்றுகிற வீட்டில் போய்ச் சம்பந்தம் பண்ண முடியுமா? இன்றைக்கு முடியில் பொய் சொல்கிறவர்கள் நாளைக்கு எதில்தான் சொல்லமாட்டார்கள்?

"பாப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில க்யூசிங்க, துணியில குறை கண்டுபுடிக்கற வேலை," என்றார் நாச்சிமுத்து பெருமையாக. "ஒரு தையல் விட்டிருந்தாலும் தூரத்துல நின்னே சொல்லிப்போடும்."

அதெல்லாம் சாரதாமணியின் காதில் ஏறவில்லை. இந்துமதி காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். ஆசீர்வாதம் பண்ணுகிற சாக்கில் சாரதாமணி பின்னலைப் பிடித்து, டி-ஷர்ட் காலரை இழுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஸ்ஸ்!" என்றாள் பெண். பின்னல் கையோடு வரவில்லை. வராவிட்டால் என்ன, இப்போதெல்லாம்தான் சொந்த முடியோடு சேர்த்துத் தைத்தே விடுகிறார்களே! சந்தேகம் இன்னும் கூடியது.

'முருகா, மன்னிச்சுக்கப்பா' என்று கும்பிட்டுக்கொண்டு, சாரதாமணி அங்கேயே ஒரு வேண்டுதலை உண்டாக்கினாள்.

"ஒரு சின்ன வேண்டுதல் இருக்குதுங்க. நிச்சயத்துக்கு முன்னால, வர்ற பொண்ணைப் பழநிக்குக் கூட்டிட்டுப் போயி பூமுடி குடுக்கறதா முருகன்கிட்ட சொல்லியிருக்கறேன்."

பூமுடிக்கு மொட்டை போட வேண்டாம். கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் போதும். ஆனால் அதற்குப் பின்னலை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ராக்கம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மாட்டிக்கொண்டாள்! சாரதாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுகணமே மகனைத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, இந்த இடமும் போயிற்றே.

இந்துமதி திரும்பி வந்தாள். கையில் ஒரு பாட்டில் நிறைய விளக்கெண்ணெய். அதை யாரிடமும் கொடுக்காமல் நேராகச் சதீஷ்குமாரின் முன்னால் வைத்தாள். பிறகு பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, ரப்பர் பேண்டைக் கழற்றி, எல்லார் முன்னிலையிலும் உச்சிவரை அவிழ்த்துவிட்டாள்.

ஒட்டு இல்லை, தையல் இல்லை. அத்தனையும் அவள் தலையில் முளைத்த முடி. சாரதாமணிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"எனக்குச் சம்மதமுங்க அத்தை," என்றாள் இந்துமதி. "கல்யாணத்துக்கும் சரி, பூமுடிக்கும் சரி. ஆனா இவரும் எங்கூட வந்து முடி குடுக்கோணும்."

சாரதாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவனெதுக்குக் கண்ணு? வேண்டுதல் பொண்ணுக்குத்தானே..."

சதீஷ்குமாரின் கை தன்னையறியாமல் இடது காதுக்கு மேலே போனது. இந்துமதி அதைப் பார்த்துச் சிரித்தாள். கேலியில்லாத சிரிப்பு.

"சிரமமே இல்லீங்க அத்தை. எனக்குத்தான் கத்திரி வேணும். அவருக்குக் கழட்டுனாப் போதும்."