கனகா வந்துட்டா

"அடுப்பை அணைங்கடி, கனகா வந்துட்டா!"

ஆட்டோ நின்றதும் நிற்காததுமாக அந்தக் குரல். மத்திகிரியில் அந்தத் தெருவே சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. தங்கமணிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்னவாம்? கிளிப்பச்சைப் புடவை, உச்சந்தலையில் கொண்டை, நெற்றி பூராவும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி. எட்டு வருஷம் டிவியில் ஓடிய காமெடி சீரியலின் 'கடுகு கனகா' அப்படியே இறங்கி நின்றாள். சீரியல் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. நடிகை பொற்கொடிக்கு வேஷம் மட்டும் இன்னும் கலையவில்லை!

"பெத்த தாயைப் பாக்க வர்றதுக்கு இந்த அலங்காரம் வேணுமாக்கும்?" என்று புருஷனிடம் பொருமினாள் தங்கமணி.

"ஓசூர் பஸ் ஸ்டாண்டு பாத்ரூம்ல மாத்திக்கிட்டு வருதாம்" என்று சிரித்தான் மூர்த்தி. "ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற எங்க பசங்கல்லாம் நின்னு செல்ஃபி எடுத்துக்கறானுங்க. மாசம் தவறாம இந்தக் கூத்துதானாம்."

"கைதட்டல்ல ருசி கண்ட உடம்பு, லேசுல விடுமா?"

மூர்த்திக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்து, விருதுநகரிலிருந்து வந்து பின்கட்டில் அவர்கள் குடியேறி ரெண்டு வாரம்தான் ஆகிறது. முன்கட்டில் வீட்டுக்காரம்மா நாகம்மா, பொற்கொடியைப் பெற்றவள். கொஞ்சம் மறதி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். அதனால் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது தங்கமணிதான். கொடுக்கும்போதெல்லாம் அந்தம்மாவுக்கு ஒரே புலம்பல்.

"எம்மவ வரவே மாட்டேங்கறா கண்ணு. கூத்தாடப் போறவ இந்த வாசப்படிய மிதிக்காதேன்னு அன்னிக்கு ஒரு கோவத்துல சொல்லிப்புட்டேன். அதையே மனசுல வெச்சிருப்பாளா?"

வராமல் என்ன? வருகிறாள். வேஷம் கட்டிக்கொண்டு வந்தால் மகள் வந்த மாதிரியா ஆகும்? தங்கமணிக்குப் பொறுக்கவில்லை. வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லும்மா."

"உங்கம்மா மகளைப் பாக்கணும்னு தவியாத் தவிக்காங்க. நீங்க என்னன்னா கனகாவா வந்து வேடிக்கை காட்டிட்டுப் போறீங்க. மூஞ்சியக் கழுவிட்டு, ஒரே ஒரு தடவை மகளாப் போயி நில்லுங்களேன்!"

பொற்கொடி அவளையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியிலேயே ஒட்டினாள். கொண்டையைப் பிரித்து, குழாயடியில் முகம் கழுவினாள்.

"எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? வா, நீயும் வா" என்று உள்ளே நடந்தாள்.

நாகம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா... நான் பொற்கொடிம்மா."

நாகம்மா மேலும் கீழும் பார்த்தாள். சுவரில் பாவாடை தாவணியில் இருந்த மகள் படத்தைக் கைகாட்டினாள்.

"எம்மவ அதோ இருக்கறா. நீ யாரு? அவ பேரச் சொல்லி ஏமாத்தவா பாக்கறே? போ வெளியே! தங்கமணி, கதவச் சாத்து! கனகா கொரலு கேட்டுச்சே, அவளை எங்கே காணோம்? கனகா! கனகா!"

கிழவி பயந்துபோய் போர்வையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தங்கமணி பொற்கொடியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மறதின்னுதான் சொன்னாங்க. இவ்வளவுன்னு தெரியாதேக்கா!"

"நல்லா இருந்த வரைக்கும் நான் நடிச்சதை அம்மா ஒருநாள்கூடப் பாக்கலை" என்றாள் பொற்கொடி. "பொணமா நடிச்சு, வேலைக்காரியா நடிச்சு, ஒருவழியா கனகா ஆனேன். ஊரே பாத்துச்சு, அம்மா பாக்கலை. புத்தி தடுமாறின பிறகு பாக்க ஆரம்பிச்சாங்க. இப்ப கனகாவைத் தெரியுது, என்னைத் தெரியலை."

தங்கமணியே கொண்டையை முடிந்துவிட்டாள். அவளே பொட்டை எடுத்து ஒட்டினாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டாள்.

"அடுப்பை அணைங்கடி..." பொற்கொடி அதோடு நிறுத்திவிட்டாள்.

"கனகா வந்துட்டா!" என்று தங்கமணி கத்தி முடித்து, அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

நாகம்மாவுக்கு அழுத கண்ணோடு சிரிப்பு பொங்கியது. கனகாவை இழுத்து மடியில் சாய்த்து, தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"வாடி எந்தங்கம்! யாரு பெத்த புள்ளையோ, நீ மாசம் தவறாம வந்து பாக்கறே. மெட்ராசுல எம்மவளப் பாத்தீன்னா, அம்மாவுக்குக் கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு, ஒருதரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போகச் சொல்றியா கண்ணு?"

"சொல்றேங்க" என்றாள் பொற்கொடி, மடியிலிருந்து தலையைத் தூக்காமலே.