முட்டியில் மஞ்சள்

என் மனைவி சந்திரகலாவின் தாலிக்கொடியில், தாலிக்குப் பக்கத்தில் ஒரு வெனிஸ் தங்கக்காசு இருந்தது. நானூறு வருடம் பழையது, அவள் அம்மா வீட்டுச் சீர். துளை போடாமல் தங்கக் கூட்டில் பதித்திருந்தார்கள். காசில் ஒரு புனிதர் முன் ஆட்சித்தலைவர் ஒருவர் மண்டியிட்டிருப்பார். அங்கி மடிப்புகூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை குளித்து வந்ததும் சந்திரகலா தாலிக்கு மஞ்சள் வைப்பாள். பிறகு காசில் மண்டியிட்டிருப்பவரின் முட்டிக்கும் வைப்பாள்.

"நானூறு வருஷமா முட்டி போட்டிருக்காரு, பாவம். வலிக்காதா?"

அவள் இறந்தபோது தாலி அவளோடு போனது. காசை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எட்டு மாதம் கழித்து விற்றேன்.

ஏல நிறுவனம் அதைக் கூட்டிலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டியது. கிள்ளான் ஊரில் பழங்காசு சேர்க்கும், எனக்குத் தெரிந்த கன்னையா அங்கிள் ஏலத்தில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னா வேலைப்பாடுலா. மூச்சு விடுறாப்ல இருக்காரு."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை போன் செய்தார்.

"தம்பி, காசுல மஞ்சளா ஏதோ இருக்கு. அன்னைக்கு இல்லயே. உறையப் பிரிக்கவே இல்ல."

"எங்க இருக்கு அங்கிள்?"

"முட்டியில. முகத்துல ஒரு துளி படல. இதுவும் நல்லாத்தான் இருக்கு போ."

படம் அனுப்பினார். உறைக்குள் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஒரு படம் அனுப்பச் சொன்னேன்.