சிலும்பாத எலும்பு

“கறிக்கடைக்காரன் வேலைதானே இது? பார்த்தாலே தெரியுதே, கண்டபடி வெட்டின கொத்துவேலை” என்றபடி, மனிதத் தொடை எலும்புத் துண்டொன்றை மேசைமேல் வைத்தார் இன்ஸ்பெக்டர்.

கறிக்கடைக்காரரின் மனைவி கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எலும்பு கிடைத்தது அவர்கள் கடைக் குப்பைத்தொட்டியில். மூன்று நாளாகப் புருஷன் லாக்கப்பில். அவருடைய கத்தி, ரம்பத்தையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, அவளையும் இந்த ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். இங்கே சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூட உதவியாளர் லென்ஸை எடுத்தார். மருத்துவ மாணவர்களுக்காக இருபது வருடமாகப் பிணம் அறுத்துக் கொடுப்பவர்.

“கொத்துவேலையா? வேற எதை வேணும்னாலும் அப்படிச் சொல்லுங்க சார்.”

சுவரில் ரம்பம், உளி, செடி வெட்டுகிற கத்தரிக்கோல், நீளக் கரண்டி எல்லாம் தொங்கின.

“இந்தக் கரண்டி எதுக்குங்க?” பயத்தில் அவள் வாய் தானாக ஓடியது.

“நெஞ்சுக்குள்ள தேங்கின நீரை மொண்டு அளக்கம்மா. அந்தக் கத்தரிக்கோல் விலா எலும்புக்கு. எல்லாம் கடைத்தெருவுல வாங்கினதுதான்.”

“எங்க அடுப்படியிலயும் இதே கரண்டிதான்” என்றாள். இனி அதைத் தொட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “விஷயத்துக்கு வாங்க.”

உதவியாளர் அவள் பையிலிருந்த ரம்பத்தை எடுத்தார். “இதுக்குப் பல் பெருசு. ஈர எலும்புல போட்டா வண்டித்தடம் மாதிரி பள்ளம் விழும். அதோட, கறிக்கடைக்காரர் மூட்டுப் பார்த்துக் கத்தியை விடுவார். நடு எலும்பை எதுக்கு மெனக்கெட்டு அறுக்கணும்?”

அவர் காலில் விழலாம் போலிருந்தது அவளுக்கு.

“அறுத்து முடியற இடத்துல எந்த எலும்பும் சிலும்பும், குச்சி ஒடியறப்ப நார்நாராப் பிரியற மாதிரி. இதுல சிலும்பலே இல்ல பாருங்க. கடைசி நூலளவு இருக்கும்போது திருப்பிப் போட்டு, எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்து முடிச்சிருக்கு. இது கொத்துவேலைன்னா நாங்கல்லாம் வேலையை விட்டுட்டுப் போகவேண்டியதுதான்.”

“எல்லாம் புத்தகத்துல இருக்கறதுதானே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. நானாக் கண்டுபிடிச்சது.” அவர் விரல் மேசையைத் தட்டியது. “எங்க பெரிய டாக்டருக்கு மட்டும் காட்டினேன். அதைத் தன் பேர்ல எழுதிப் போடப் போறேன்னார்.”

“அப்போ இப்படி அறுக்கத் தெரிஞ்சவங்க?”

“ரெண்டே பேர். நான் ஒண்ணு, அவர் ஒண்ணு.” குரலைத் தாழ்த்தினார். “பத்து நாளா ஆளையே காணோம் சார். லீவுன்னு பேச்சு. நீங்க விசாரிக்க வேண்டியது அவரைத்தான்.”

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

“அவரை எப்படி விசாரிக்கறது?” என்று மேசைக்குத் திரும்பினார். “காலையிலதான் தெரிஞ்சது, இந்த எலும்பே அவரோடதுதான்.”